முன்னாள் படைவீரர்களின் சிரிப்புக்குச் செவி கொடுப்போம்



வந்தவாசியில் நாம் தொழும் பள்ளிவாசலின் வெளித்திண்ணையில் அஸர் தொழுகைக்குப் பின் முதியவர்கள் சிலர் கூடுவது வழக்கம். அவர்கள் இராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள். ஆரணியில் பட்டு நெசவுக் குடும்பத்தைச் சேர்ந்த அவர்களது பழைய தோழர் ஒருவரும் வாரம் ஒருமுறை பேருந்தேறி வந்து சேர்ந்துகொள்வார். சொன்ன கதையையே மீண்டும் சொல்வார்கள். புதிதாகக் கேட்டவர்களைப் போல் சிரிப்பார்கள்.

ஒருநாள் அந்தச் சிரிப்பு பாடவேளையில் உள்ளே கேட்டது. நாம் வெளியே சென்று, "அல்லாஹ்வின் இல்லத்து வாசலில் இத்தனை சிரிப்பு தேவையா?" என்று கேட்டுவிட்டோம். "மன்னித்துக்கொள்ளுங்கள் ஹஜ்ரத்" என்று கூறி எழுந்து சென்றார்கள். மறுநாள் முதல் திண்ணை அமைதியாயிற்று.

சில மாதங்களில் அவர்களுள் ஒருவர் மௌத்தானார். ஜனாஸா வீட்டில் அவருடைய மகன் நம்மருகே வந்து, "அத்தா இருபது ஆண்டுகளுக்கு மேல் படையில் இருந்தார். அங்கே என்ன கண்டார், என்ன பட்டார் என்று எங்களிடம் ஒன்றும் சொன்னதில்லை. உங்களிடம் ஏதேனும் சொன்னாரா ஹஜ்ரத்?" என்று கேட்டார். நம்மிடம் விடை இல்லை. அவர் சொல்லிக்கொண்டிருந்த ஓர் இடத்தையும் மூடியவர்கள் நாமே.

அவர் சொன்னது சியாச்சின் பனிமலையின் கதை. 1984 ஏப்ரல் முதல் நம் நாட்டுப் படை அங்கே காவல் நிற்கிறது. பதினெட்டாயிரம், இருபதாயிரம் அடி உயரத்தில் முகாம்கள். அங்கே முட்டை கல்லாக உறைந்துவிடும். அதைச் சுவரில் அடித்தால் சுவர்தான் உடையும் என்பார். "ஊரில் வெயில் தாங்கவில்லை" என்று மனைவி எழுதிய கடிதத்தைக் கூடாரத்திலிருந்தோர் அனைவரும் கைமாற்றிக் குளிர்காய்ந்ததாகச் சொல்வார். கேட்போர் விலா நோகச் சிரிப்பர்.

ஆரணித் தோழர் அடக்கத்துக்குப் பின் நம்மிடம் சொன்னார்: "அந்தக் கூடாரத்தில் இருந்தவர்களில் இருவர் கீழே இறங்கி வரவில்லை ஹஜ்ரத். பனிச்சரிவு. அவர் முட்டையோடு கதையை நிறுத்திவிடுவார். மீதி எங்களுக்குத் தெரியும்."

அன்றுதான் நமக்கு விளங்கியது. சியாச்சினில் எதிரியின் குண்டைவிடக் குளிரும் பனிச்சரிவுமே மிகுதியான உயிர்களைப் பறித்துள்ளன. 2016 பிப்ரவரி 3 அன்று மதராஸ் ரெஜிமென்ட்டின் 19-ஆம் பட்டாலியன் முகாம் பனியில் புதைந்து பத்துப் பேரை இழந்தோம். அவர்களில் நம் பக்கத்து வேலூர் மாவட்டத்தவரும் ஒருவர். இத்தகைய இடத்திலிருந்து திரும்பியவரின் சிரிப்பை, வேலையற்றோர் வீண்பேச்சோடு சேர்த்து எண்ணியது நமது பிழை.

மிகுதியான சிரிப்பு உள்ளத்தை மரணிக்கச் செய்யும் என்ற நபிமொழியை மாணவர்களுக்குப் போதிப்பவர்கள் நாம். அது உண்மை. ஆனால் அது மறதியில் திளைக்கும் சிரிப்பைப் பற்றியது. மரணத்தை அருகிருந்து கண்டவர்கள் ஒருவருக்கொருவர் ஆறுதலாகப் பகிரும் சிரிப்பு அவ்வகையில் சேராது.

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்வையே பாருங்கள். ஹிஜ்ரி 5-ஆம் ஆண்டு அகழ்ப் போர். பசி, குளிர், சூழ்ந்து நிற்கும் பகைவர். அந்த நிலையிலும் ஸஹாபாக்கள் பாடிக்கொண்டே அகழ் தோண்டினர். நபியவர்களும் உடன் பாடினார்கள். இளைஞரான ஸைத் பின் ஸாபித் (ரலி) களைப்பில் உறங்கிவிட, உமாரா பின் ஹஸ்ம் (ரலி) விளையாட்டாக அவரது ஆயுதத்தை எடுத்து மறைத்தார். விழித்தவர் பதறிப்போனார். நபியவர்கள் அவரை உறக்கத்தின் தந்தையே என்று பரிவோடு அழைத்தார்கள். ஆயுதத்தைத் திரும்பக் கொடுக்கச் செய்தார்கள். ஒரு முஸ்லிமைத் திடுக்கிட வைப்பது கூடாது என்றும் தடுத்தார்கள். நகைச்சுவைக்கு இடமும் தந்தார்கள், எல்லையும் வகுத்தார்கள். பொய் கலவாமை, பிறரை இழிவுபடுத்தாமை, அச்சுறுத்தாமை ஆகியவையே அந்த எல்லைகள். நமது திண்ணைப் பெரியவர்கள் அவற்றுள் எதையும் மீறவில்லை.

நம் நாட்டு வரலாற்றிலும் ஒரு சான்று உண்டு. பிரிகேடியர் முஹம்மது உஸ்மான் 1947-48 காஷ்மீர்ப் போரில் நவ்ஷேராவைக் காத்தவர். எதிரிகளிடம் வீழ்ந்த ஜங்கரை மீட்கும்வரை கட்டிலில் உறங்குவதில்லை என்று சூளுரைத்தார். பாய் நெய்யும் ஊரினரான நமக்குத் தரையில் படுப்பது புதிதன்று. ஆனால் அவர் படுத்தது மலைநாட்டின் கடுங்குளிரில். 1948 மார்ச்சில் ஜங்கர் மீட்கப்பட்டது. சூளுரை நிறைவேறியும் படுக்கக் கட்டில் இல்லை! பக்கத்துக் கிராமத்திலிருந்து இரவல் வாங்கி வந்தார்களாம். இன்றும் புன்னகையோடு சொல்லப்படும் கதை இது. அதே ஜங்கரில் 1948 ஜூலை 3 அன்று பீரங்கிக் குண்டுக்கு அவர் உயிரீந்தார். அப்போது அவருக்கு வயது 35. மகாவீர் சக்கரம் பெற்ற அவர் தில்லி ஜாமியா மில்லியா இஸ்லாமியா வளாகத்தில் அடங்கியுள்ளார். அந்தக் கட்டில் கதையைச் சொன்னால் நம் பிள்ளைகள் அவரை மறக்கமாட்டார்கள்.

ஆகவே, பெற்றோரே, பிள்ளைகளே! உங்கள் வீட்டிலோ தெருவிலோ முன்னாள் படைவீரர் இருந்தால் அருகே அமருங்கள். "எத்தனை பேரைச் சுட்டீர்கள்?" என்று கேட்காதீர்கள். "உங்களுடன் யார் யார் இருந்தார்கள்? என்ன உண்டீர்கள்? எதற்குச் சிரித்தீர்கள்?" என்று கேளுங்கள். சொல்வதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். கதையை அவர் நிறுத்தும் இடத்தில் நீங்களும் நிறுத்துங்கள். சிரிக்கவே இயலாமல், இரவில் உறங்கவும் இயலாமல் தவிப்பவராயின் கேள்விகளால் துளைக்காமல் நல்ல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

நாம் எஞ்சிய பெரியவர்களின் வீடு தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டு, மீண்டும் திண்ணைக்கு அழைத்து வந்தோம். இப்போது வியாழன்தோறும் மதரஸா மாணவர்களும் அங்கே பாய் விரித்து அமர்கிறார்கள். முட்டைக் கதையை ஆரணித் தோழர் சொல்கிறார். மறைந்தவர் நிறுத்திய இடத்திலேயே அவரும் நிறுத்துகிறார்.

மறைந்த அப்பெரியவரின் மண்ணறையை அல்லாஹ் ஒளிமயமாக்குவானாக! முதியோரின் சொல்லுக்குச் செவிசாய்க்கும் பக்குவத்தை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.