குற்றாலத்துக்குப் பக்கத்தில் ஒரு வெளிநாடு!

சாரல் காலம். குற்றால அருவியில் குளித்த ஒருவர், ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுகிறார். சிறிது நேரத்தில் செங்கோட்டையில் இறங்குகிறார். வழியில் அவரை யாரும் தடுப்பதில்லை. "பையைத் திறந்து காட்டு" என்று சொல்வதில்லை.

இந்தப் பயணத்துக்குப் பாஸ்போர்ட் வேண்டும் என்றால் எப்படி இருக்கும்?

இது வேடிக்கைக் கேள்வி அல்ல. 1947-ம் ஆண்டில் அப்படி ஒரு நிலை வரப் பார்த்தது!

இரண்டு ராஜ்யம்

தென்காசியும் குற்றாலமும் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தன. செங்கோட்டை, திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. அங்கே மகாராஜா ஆட்சி. நாணயமும் தனி. 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம் ஒரு ரூபாய். தபாலும் தனி. அதற்கு "அஞ்சல்" என்று பெயர்.

ராஜ்யம் இரண்டு. ஆனால் மக்கள் பேசியது ஒரே தமிழ். கொல்லம் ஆண்டுக் கணக்குகூட மலைக்கு இரு பக்கமும் உண்டு.

வாஞ்சிநாதன் செங்கோட்டைக்காரர். 1911 ஜூன் 17-ந் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டுக் கொன்றுவிட்டு, தன்னையும் சுட்டுக்கொண்டு மாண்டார். அவர் பிறந்த ஊரே சுதந்திர இந்தியாவுக்கு வெளியே போக இருந்தது!

திவான் அறிவிப்பு

1947 ஜூன் 11-ந் தேதி திவான் சர் சி.பி.ராமசாமி அய்யர் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். வெள்ளையர் வெளியேறியதும் திருவிதாங்கூர் தனி நாடாகும் என்றார். இன்னும் பிறக்காத பாகிஸ்தானுக்குப் பிரதிநிதியையும் நியமித்தார்.

இதற்குத் துணிச்சல் எங்கிருந்து வந்தது? கடற்கரை மணலில் இருந்து! மணவாளக்குறிச்சி போன்ற இடங்களின் மணலில் தோரியம் இருக்கிறது. அணுசக்திக்கு உதவும் பொருள் அது. அணுகுண்டு வெடித்து இரண்டு ஆண்டுகூட ஆகாத நேரம். வல்லரசுகளின் கண் அந்த மணல் மேல் இருந்தது.

திவான் சட்டம் படித்தவர். "சமஸ்தானங்களின் ஒப்பந்தம் பிரிட்டிஷ் மகுடத்தோடுதான். மகுடம் போனால் ஒப்பந்தமும் போயிற்று" என்பது அவரது வாதம். அதில் சட்டக் குறை காண்பது கடினம். ஆனால் மக்களை யார் கேட்டார்கள்? சோற்றுக்கு வெளியிலிருந்து அரிசி வரவேண்டிய சமஸ்தானம் அது. மணலை விற்று எத்தனை நாள் சாப்பிட முடியும்?

மக்கள் கொதித்தார்கள். ஜூலை 25-ந் தேதி திருவனந்தபுரத்தில், சங்கீதக் கச்சேரிக்கு வந்த திவானை ஒருவர் வெட்டினார். திவான் உயிர் பிழைத்தார். அந்த மாதம் முடிவதற்குள் இந்தியாவோடு இணைய மகாராஜா சம்மதித்துவிட்டார். வாதத்தால் முடியாததை அரிவாள் முடித்தது என்பது பெருமைப்படக்கூடிய செய்தி அல்ல.

மலையே எல்லை

செங்கோட்டை தமிழ்நாட்டுக்கு வர மேலும் ஒன்பது ஆண்டு பிடித்தது. 1956 நவம்பர் 1-ந் தேதி தாலுகா இரண்டாகப் பிரிந்தது. கிழக்குப் பகுதி சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. ஆரியங்காவு உள்ளிட்ட மேற்குப் பகுதி கேரளத்தில் நின்றது.

இன்று புளியரையில் சோதனைச் சாவடி இருக்கிறது. பாவூர்சத்திரம் சந்தைக் காய்கறி லாரிகள் அதைத் தாண்டிக் கேரளம் போகின்றன.

2020-ல் கொரோனா வந்தபோது மட்டும் சாவடி இறுகியது. பாஸ் இல்லாமல் எவரும் போக முடியவில்லை. அந்தப் பக்கம் பெண் கொடுத்தவர்கள் இந்தப் பக்கம் காத்து நின்றார்கள். அதுவும் சில மாதம்தான்.