'தூக்கம் வரலை' என்றால் என்ன கேட்கிறோம்?

பதினொன்றாம் வகுப்பில் நான் தங்கியிருந்தது ஓர் ஆதிதிராவிடர் நல விடுதி. அறைக்கு முப்பது பேர். சிமெண்ட் தரை. இரண்டு மின்விசிறிகளில் ஒன்று சுற்றாது. பள்ளியில் சாதியைச் சொல்லிக் கேலி செய்தவர்களின் குரல் இரவு இரண்டு மணிவரை காதில் ஓடும். ஐந்து மணிக்கு எழுப்பிவிடுவார்கள். வகுப்பில் கண் சொருகினால், "ஓசிச் சோறுல்ல, தூக்கம் வரத்தான் செய்யும்" என்பார் ஆசிரியர். செத்துவிடலாம் என்று தோன்றிய நாட்களும் உண்டு. அதை யாரிடமும் சொன்னதில்லை. 'தூக்கம் வரலை' என்று மட்டும் பலரிடம் சொல்லியிருக்கிறேன். யாரும் அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை.

13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்கிறது மருத்துவம். பதின்பருவத்தில் மெலடோனின் சுரக்கும் நேரமே தள்ளிப்போகிறது; தாமதமாகத் தூக்கம் வருவதைச் சோம்பல் என்று திட்டுவதில் அர்த்தமில்லை. தூக்கமின்மை மனச்சோர்வுக்கு முன்பே வரலாம். தற்கொலை எண்ணத்தின் அபாயத்தையும் கூட்டலாம். ஆனால் அதற்குச் சிகிச்சை உண்டு. மாத்திரைக்கு முன் பரிந்துரைக்கப்படுவது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை: தினமும் ஒரே நேரத்தில் எழுவது, தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்து அமைதியான இடத்தில் உட்காருவது, 'இன்றும் தூங்க மாட்டேன்' என்ற பயத்தைக் கையாள்வது.

முப்பது பேர் படுத்திருக்கும் அறையில் எழுந்து எங்கே போய் உட்காருவது? சாதியைத் தொடாமல் இந்தத் தூக்கத்துக்கு வைத்தியம் பார்க்க முடியாது. அதேபோல, சாதி ஒழியும்வரை பொறு என்று இன்றிரவு விழித்துக் கிடக்கும் பிள்ளையிடம் சொல்லவும் முடியாது. ரோகித் வெமுலாவுக்காக, அனிதாவுக்காகக் கூடினோம். உயிரோடு விழித்திருப்பவர்களுக்காகவும் கூட வேண்டும்.

விடுதிகளில் கட்டிலும் கொசுவலையும் ஓடுகிற மின்விசிறியும் கேட்போம். மாவட்ட மனநலத் திட்டக் குழு மாதம் ஒருமுறை விடுதிக்கு வரட்டும். தூக்கத்திலிருந்து பேச்சைத் தொடங்கட்டும். பள்ளிகளில் சாதியைக் களைய நீதிபதி சந்துரு குழு 2024இல் அளித்த அறிக்கையைக் கிடப்பில் போட விடக்கூடாது.

உங்கள் தம்பியோ தங்கையோ 'தூக்கம் வரலை' என்றால், 'போனை வை' என்று முடித்துவிடாதீர்கள். எத்தனை நாளாக, என்ன நினைப்பு ஓடுகிறது, சாகணும்னு தோணுதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. டெலி மானஸ் எண் 14416, இரவிலும் பேசலாம்.