காபூலில் பூட்டிய கதவு பட்டியலில் எப்போது தெரியும்?

2022 மார்ச் 23 காலை ஆப்கானிஸ்தானில் உயர்நிலைப் பள்ளிகள் மாணவிகளுக்காகத் திறந்தன. பல மாதம் கழித்துப் புத்தகப் பையோடு வந்த பிள்ளைகளைச் சில மணி நேரத்திலேயே வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். பெண்களின் படிப்பு ஆறாம் வகுப்போடு சரி என்று தலிபான் ஆட்சி முடிவு செய்துவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் பல்கலைக்கழகமும், 2024 டிசம்பரில் செவிலியர், பேறுகாலப் பணியாளர் பயிற்சியும் பெண்களுக்கு இல்லை என்று ஆயின.

இப்படிப்பட்ட நாட்டின் பெண்கல்வி எண், உலகம் அதிகம் மேற்கோள் காட்டும் பட்டியல் ஒன்றில் இன்னும் சில ஆண்டுகளுக்கு ஏறிக்கொண்டே போகலாம். இது அச்சுப்பிழையோ தில்லுமுல்லோ அல்ல. கணக்குப் போடும் முறையே அப்படி.

ஐ.நா. வளர்ச்சித் திட்டம் 2010 முதல் பாலினச் சமத்துவமின்மைக் குறியீட்டை வெளியிடுகிறது. 25 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களில் எத்தனை சதவீதம் பேர் இடைநிலைக் கல்வியை எட்டியிருக்கிறார்கள் என்பது அதன் ஓர் அங்கம். பாட்டி, அம்மா, அத்தை எல்லாரும் இந்த எண்ணில் இருப்பார்கள். பள்ளிக்கூடம் போகும் பெண் மட்டும் இருக்க மாட்டாள். 2001-க்குப் பிறகு ஆப்கானிஸ்தானில் பள்ளிக்குப் போன சிறுமிகள் இப்போதுதான் ஒவ்வோர் ஆண்டாக 25 வயதைத் தொட்டு அந்தக் கணக்கில் சேர்கிறார்கள். படிக்காத முதிய தலைமுறை மெல்லக் கழிகிறது. எண் ஏறாமல் என்ன செய்யும்?

இதற்கு முன்பும் ஒருமுறை இதே கதை, தலைகீழாக. 1996 முதல் 2001 வரை நடந்த முதல் தலிபான் ஆட்சியில் பள்ளியை இழந்த 13 வயதுப் பெண், 2008-க்குப் பிறகுதான் 25-ஐத் தாண்டினாள். காபூலில் பெண்கள் பள்ளிக்குத் திரும்பிவிட்டார்கள் என்று உலகம் படம் போட்டு மகிழ்ந்துகொண்டிருந்தபோது, பட்டியலுக்குள் வந்துகொண்டிருந்தவர்கள் வாசலில் தடுக்கப்பட்டவர்கள். அதாவது அந்த எண் காட்டுவது இன்றைய ஆட்சியின் செயலை அல்ல. பத்து, இருபது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் யாரோ எடுத்த முடிவுகளின் கூட்டுத்தொகையை.

வங்கதேசத்தை எடுத்துக்கொள்வோம். 1982-இல் ஷாராஸ்தி என்ற ஒரே வட்டாரத்தில், உயர்நிலைப் பள்ளி மாணவிகளுக்கு உதவித்தொகை கொடுத்துப் பார்த்தார்கள். 1994-இல் கிராமப்புறம் முழுக்க விரிந்தது. நிபந்தனை மூன்று: 75 சதவீத வருகை, 45 சதவீத மதிப்பெண், பள்ளி இறுதித் தேர்வு முடியும்வரை திருமணம் கூடாது. அடுத்த சில ஆண்டுகளிலேயே உயர்நிலை வகுப்புகளில் பெண்கள் எண்ணிக்கையில் ஆண்களை முந்தினார்கள். ஆனால் 1994-இல் ஆறாம் வகுப்பில் சேர்ந்த பெண்ணுக்கு 25 வயதாக 2007, 2008 ஆகிவிட்டது. அதுவரை அந்த 25 வயதுக் கணக்கு வங்கதேசத்தைப் பின்தங்கிய நாடாகத்தான் காட்டியிருக்கும்.

அதற்காக வங்கதேசத்தை ஒரேயடியாகத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவும் முடியாது. இன்றும் அங்கே 20 முதல் 24 வயதுப் பெண்களில் சுமார் பாதிப் பேர் 18 வயதுக்குள் மணமானவர்கள். பெயர் பள்ளிப் பதிவேட்டில் ஏறியது. பலருக்குப் படிப்பு கரை சேரவில்லை.

'எட்டியிருக்கிறார்கள்' என்ற சொல்லையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். முடித்தவர்கள் என்று அதற்குப் பொருள் இல்லை. ஏழாம் வகுப்பில் பாதியில் நின்றவரும் பிளஸ் டூ தேறியவரும் ஒரே கட்டத்தில் ஒரே எண்ணாக நிற்பார்கள். முன்னவரின் பெயரைக் கல்யாணப் பத்திரிகையில் மட்டும் அச்சிட்டிருப்பார்கள்.

கல்யாணம் என்றதும் நம் ஊர் நினைவு வருகிறது. 1989-இல் தமிழகத்தில் தொடங்கிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டத்தில், எட்டாம் வகுப்புவரை படித்த ஏழைப் பெண்ணுக்கு 5,000 ரூபாய். படிப்பைப் பிடித்து வைக்கத்தான் அந்த நிபந்தனை, நல்ல யோசனைதான். ஆனால் பணம் கைக்கு வருவது திருமணத்தின்போது. டாக்கா அரசு மணமாகாமல் இருப்பதற்குக் கொடுத்தது, சென்னை மணமாகும்போது கொடுத்தது. 2022-இல்தான் அது புதுமைப் பெண் திட்டமாகி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று மாறியது. இதற்கு முப்பத்து மூன்று ஆண்டுகள் பிடித்தன.

இலங்கை வேறு ரகம். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியில் 1945-லேயே பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம்வரை கல்வி இலவசமானது. அங்கே பாட்டிமாரும் படித்தவர்கள். அதனால் எந்த வயதை எடுத்தாலும் எண் நன்றாகவே இருக்கும். இருந்தும் வேலைச் சந்தையில் இருக்கும் பெண்கள் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான். பட்டியல் அதைப் பற்றிய கேள்வியை அடுத்த கட்டத்துக்குத் தள்ளிவிட்டு நகர்ந்துவிடும்.

நாடுகளை ஒப்பிட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் நான் கேட்பது ஒன்றுதான்: 20 முதல் 24 வயதுப் பெண்களில் எத்தனை பேர் பள்ளியை முடித்தார்கள்? இந்த எண்ணில் பாட்டியின் சாயல் இராது. ஆட்சியாளர் பழைய புண்ணியத்தில் பெயர் வாங்கவும் முடியாது.

2021-இல் ஆறாம் வகுப்பில் இருந்த காபூல் சிறுமிக்கு 25 வயதாவது 2034-இல். அந்தப் பட்டியல் அவளை முதன்முதலாக எண்ணுவது அப்போதுதான்.