கௌரிப் பாட்டி ஏறிய நெய்வேலி பஸ்



தமிழின் மிகச் சிறந்த சிறுகதைகளில் ஒன்றில் நம்ம நெய்வேலி வருது. இந்த ஊரிலேயே வளர்ந்த எனக்கு அது காலேஜ் முடித்த பிறகுதான் தெரிந்தது. கதை ‘யுகசந்தி’. எழுதியவர் நம்ம கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரர் ஜெயகாந்தன்.

1934-இல் பிறந்தவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. விழுப்புரம் போய், அங்கிருந்து சென்னை போய்ச் சேர்ந்தார். கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகம்தான் அவருக்கு வீடு, பள்ளிக்கூடம் எல்லாம். தோழர்களின் பேச்சைக் கேட்டே வளர்ந்த பையன், 1972-இல் சாகித்ய அகாதமி, 2002-இல் ஞானபீடம் வாங்கினார். பின்னாளில் கட்சியை விட்டு விலகினார், நம்மைக் கடுமையாக விமர்சிக்கவும் செய்தார். இருக்கட்டும். குடிசைவாசிகளையும் கூலிக்காரர்களையும் கதையின் நடுவில் உட்கார வைத்தவர் அவர். அந்தப் பார்வை எங்கே கிடைத்தது என்று நமக்குத் தெரியும்.

‘யுகசந்தி’க்கு வருவோம். இளம் வயதிலேயே கணவனை இழந்த கீதா, நெய்வேலியில் டீச்சர். சொந்த சம்பளம், தனி வீடு. கூட வேலை பார்க்கும் ஆசிரியரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக வீட்டுக்குக் கடிதம் எழுதுகிறாள். கடலூரில் அப்பா கொதிக்கிறார், மகளே வேண்டாம் என்கிறார். தலை மழித்த, ஆசாரமான கௌரிப் பாட்டி மட்டும் பேத்தி பக்கம் நிற்கிறாள். தனக்குக் கிடைக்காத வாழ்க்கை அவளுக்காவது கிடைக்கட்டும் என்று நெய்வேலிக்கு பஸ் ஏறிவிடுகிறாள்.

பாட்டி கோஷம் போடவில்லை, சாஸ்திரத்தை எரிக்கவில்லை. துணியை மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினாள், அவ்வளவுதான்.

1956-இல் தொடங்கிய பொதுத்துறை நிறுவனத்தால் உருவான ஊர் இது. பழைய தெருக்களின் சாதிக் கணக்கு இல்லாமல், வேலையை வைத்து வீடு கிடைத்த ஊர். அதனால்தான் ஜெயகாந்தன் கீதாவை இங்கே அனுப்பினார் என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் பக்கத்து விருத்தாசலத்தில் 2003-இல் என்ன நடந்தது? காதலித்துப் பதிவுத் திருமணம் செய்த கண்ணகி, முருகேசன் இரண்டு பேரையும் விஷம் ஊற்றிக் கொன்றார்கள். முருகேசன் தலித். கெமிக்கல் இன்ஜினியரிங் படித்தவர். நானும் இன்ஜினியரிங் படித்தவன்தான். அந்த வழக்கைப் படிக்கும்போது கை நடுங்குது. கடலூர் நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது 2021-இல். 18 வருஷம் ஆச்சு!

ஆணவக் கொலைக்குத் தனிச்சட்டம் வேண்டும் என்று நாம் கேட்பது இதனால்தான். கொலை நடந்த பிறகு தண்டனை மட்டும் போதாது. மிரட்டல் வரும்போதே அந்தப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு வேண்டும். புகாரைக் கிடப்பில் போடும் அதிகாரியும் பதில் சொல்லணும்.

சட்டம் வரும்வரை? ஸ்டேட்டஸில் சமத்துவம் போடுறோம். நம்ம தங்கச்சி “ஒருத்தரை லவ் பண்றேன்”னு வந்து நின்னா, “என்ன ஆளுங்க?”ன்னு கேட்காம இருப்போமா? நம்மில் எத்தனை பேர் கௌரிப் பாட்டி, எத்தனை பேர் அந்த அப்பா?

இந்த வாரம் ‘யுகசந்தி’யை வீட்டில் சத்தமாகப் படியுங்க தோழர்களே. அம்மாவும் பாட்டியும் பக்கத்தில் உட்காரட்டும். படித்து முடித்ததும் அவங்க என்ன சொன்னாங்கன்னு கமெண்ட்ல எழுதுங்க.

#ஜெயகாந்தன் #யுகசந்தி #ஆணவக்கொலைக்குத்_தனிச்சட்டம்