வெயில் அழற்சியும் வலி மருந்தும்

ஆண்டுதோறும் மே மாதம் 9-ஆம் தேதி வாக்கில், நண்பகலில், ஹைதராபாத்தில் நேராக நட்ட கோலுக்கு நிழல் விழுவதில்லை. ஆகஸ்டு 3-ஆம் தேதி வாக்கிலும் அவ்வாறே. ஆசிரியர் பலர் இதனை மாணவருக்குக் காட்டுகின்றனர். அன்று வெட்டவெளியில் நின்ற மாணவனுக்கு மாலையில் கழுத்து ஏன் எரிகிறது என்பதையும் அவர்கள் விளக்குதல் நலம்.

வெயிலின் சூடே தோலைச் சுடுகிறது என்பது பொதுவான எண்ணம். அது சரியன்று. சூடு உடனே உறைக்கும். புற ஊதாக் கதிரின் விளைவோ சில மணி நேரம் கழித்தே தலைகாட்டி, 12 முதல் 24 மணி நேரத்தில் உச்சமடைகிறது. 280 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள கதிர்கள் மேல்தோல் உயிரணுக்களிலுள்ள டி.என்.ஏ.வைச் சிதைக்கின்றன. சிதைவுற்ற அணுக்கள் புரோஸ்டாகிளாண்டின் முதலிய பொருள்களை வெளிவிடுகின்றன. அவற்றால் இரத்தக் குழாய்கள் விரிந்து, தோல் சிவந்து, தொட்டால் நோகிறது. முன்னொரு கட்டுரையில் இந்நிலையை 'வீக்கம்' என்று மொழிபெயர்த்துவிட்டேன். வீக்கம் அதன் ஒரு குறி மாத்திரமே. அழல் என்பதன் அடியாகப் பிறந்த 'அழற்சி'யே பொருந்தும் சொல். நம்மவரின் கருநிறத் தோலில் சிவப்பு எளிதில் புலப்படாது. புறங்கையால் தொட்டு வெம்மை காண வேண்டும்.

ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் புரோஸ்டாகிளாண்டின் உண்டாவதைத் தடுக்கின்றன என்று 1971-இல் ஜான் வேன் காட்டினார்; 1982-இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றார். அவ்வினத்தைச் சேர்ந்த இண்டோமெதாசினைத் தோலில் பூசினால் முதல் நாளின் சிவப்பும் நோவும் குறைகின்றன. ஆனால் சிதைந்த டி.என்.ஏ. அதனால் சீர்படுவதில்லை. வலி அடங்கிவிட்ட நம்பிக்கையில் அம்மனிதர் மறுநாளும் அதே வெயிலில் நிற்கிறார். ஆகவே களஊழியர் இவற்றை 'வெயிற்புண் மருந்து' என்று கூறுவதை நான் ஒப்பவில்லை. வலிக்கு மருந்து என்று கூறினால் போதும். மேலும், மூட்டுவலிக்குப் பூசும் கீட்டோப்ரோஃபென் போன்ற சில மருந்துகள் தாமே தோலை வெயிலுக்கு ஆளாக்கிப் புண்ணை விளைவிக்கும்.

வெயில் பட்ட இடத்துப் புண்ணெல்லாம் வெயிலால் மட்டுமே வந்ததும் அன்று. தக்காணத்தில் சோளமே முக்கிய உணவாகக் கொண்ட ஏழை மக்களிடையே பெல்லாக்ரா காணப்பட்டது. கழுத்தைச் சுற்றியும், புறங்கைகளிலும், பாதங்களின் மேற்புறத்திலும், இருபுறமும் ஒத்தாற்போல் தோல் கருத்து வெடிக்கும். குன்னூரிலிருந்து 1958-இல் இந்நகருக்கு மாறி, 1969-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர் பெற்ற ஆய்வுக்கூடத்தின் சி. கோபாலனும் எஸ். ஜி. ஸ்ரீகாந்தியாவும், சோளத்தில் மிகுந்துள்ள லியூசின் இதற்குக் காரணமாகலாம் என்று 1960-இல் எழுதினர். அக்கருத்து பிற்காலத்தில் மறுப்புகளையும் சந்தித்தது. நியாசின் குறைவே நோயின் வேர் என்பதில் ஐயமில்லை. அதனை ஆற்றுவது நியாசினமைடும் திருந்திய உணவுமேயன்றி வலிக் களிம்பன்று. அத்தகைய புண்ணைக் காணும் ஊழியர், எவ்வளவு நேரம் வெயிலில் நின்றீர் என்பதோடு, வீட்டில் என்ன சமைக்கிறீர் என்றும் கேட்க வேண்டும்.

நிழலில்லா நாளில் மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர், கோலை வெயிலிலும் மாணவரை மரத்தடியிலும் நிறுத்தலாம்.