காய்ந்த தானியத்தின் கீழே

 

என்னிடம் ஓதிச் சென்ற மாணவர் ஒருவர் சில வாரங்களுக்கு முன் என்னைக் காண வந்திருந்தார். இங்கிலாந்தில் ஒரு கடையில் பணிபுரிகிறார். நலம் விசாரித்து முடிந்ததும், பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்து என்முன் விரித்தார். குதிரைப் பந்தயத்திற்கென்றே அந்நாட்டில் அச்சாகும் நாளிதழின் ஒரு பக்கம் அது.

"ஹஜ்ரத், இந்தப் பக்கத்தில் விளம்பரம் எது, கட்டுரை எது என்று சொல்லுங்கள்" என்றார்.

நான் உற்றுப் பார்த்தேன். குதிரைப் பயிற்சியாளர் ஒருவரின் படத்துடன் நீண்ட கட்டுரை இருந்தது. மழை பெய்து தரை இளகியிருப்பதால் எந்தக் குதிரை நன்றாக ஓடும், எதன்மீது எவ்வளவு எடை ஏற்றப்பட்டுள்ளது, எந்த ஜாக்கி அதைச் செலுத்துகிறார் என்றெல்லாம் ஆராய்ந்து எழுதியிருந்தார்கள். ஏதோ ஓர் ஆய்வுரையைப் படிப்பது போலிருந்தது. "இது கட்டுரைதானே, தம்பி?" என்றேன்.

அவர் பக்கத்தின் அடியில் விரலை வைத்தார். எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் ஒரு பந்தய நிறுவனத்தின் பெயரும், அங்குக் கணக்குத் தொடங்குவோருக்கான சலுகைக் குறியீடும் இருந்தன. "முழுப் பக்கமுமே விளம்பரம்தான், ஹஜ்ரத். எழுதியவருக்கும் அந்த நிறுவனமே ஊதியம் தருகிறது. விளம்பரமென்று தெரிந்திருந்தால் புரட்டிவிட்டுப் போயிருப்பேன். கட்டுரை என்று நம்பிப் படித்தேன்" என்றார். பிறகு தலைகுனிந்தவாறே, தாயாருக்கு அனுப்ப வேண்டிய இரண்டு மாதச் சம்பளம் அந்த வழியில் போனதைச் சொன்னார்.

அவருடைய அனுமதியுடனேயே இதை எழுதுகிறேன்.

குதிரையா குற்றவாளி?

குதிரையோ அதன் ஓட்டமோ குற்றமன்று. அண்ணல் நபி (ஸல்) அவர்களே குதிரைப் பந்தயம் நடத்தியிருக்கிறார்கள். பயிற்சி பெற்ற குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரையிலும், பயிற்சி பெறாதவற்றிற்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரையிலும் எல்லை வகுத்தார்கள் என்றும், அதில் இப்னு உமர் (ரலி) அவர்களும் கலந்துகொண்டார்கள் என்றும் ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். ஓடுவோரைச் சாராத ஒருவர் பரிசளித்தால் அது கூடும். தோற்றவன் கைப்பொருளை வென்றவன் அள்ளிக்கொள்வதே சூது. மதுவோடு சேர்த்துத் திருமறை விலக்கி வைத்தது இதைத்தான்.

இன்றைய பந்தயத்தின் கணக்கைச் சற்றுப் பாருங்கள். ஓர் ஓட்டத்தில் சமவலிமையுள்ள நான்கு குதிரைகள் ஓடுவதாகக் கொள்வோம். நியாயமாக, வெல்லும் குதிரைக்கு ஒன்றுக்கு மூன்று தரவேண்டும். புக்கி எனப்படும் பந்தயப் பணம் வாங்குபவரோ ஒன்றுக்கு இரண்டரைதான் தருவார். நால்வர் ஆளுக்கொரு குதிரையின்மீது நூறு ரூபாய் கட்டினால் அவரிடம் சேர்வது 400 ரூபாய். எந்தக் குதிரை வென்றாலும், கட்டிய நூறையும் சேர்த்து அவர் திருப்பித் தருவது 350 ரூபாய். 50 ரூபாய் அவரிடமே தங்கிவிடும். குதிரைகள் மாறும், ஜாக்கிகள் மாறுவார்கள், அந்த ஐம்பது மாறாது. மாணவர் காட்டிய கட்டுரையில் தரையின் ஈரம் வரை எல்லாம் இருந்தது. இந்த ஐம்பது ரூபாய் மட்டும் இல்லை.

பத்திரிகையின் பங்கு

பிரிட்டனில் பந்தய இதழ்களின் வரலாறு நெடியது. 'ஸ்போர்ட்டிங் லைஃப்' என்னும் ஏடு 1859 முதல் 1998 வரை அச்சில் வந்தது. அன்றும் புக்கிகள் விளம்பரம் கொடுத்தார்கள். ஆனால் விளம்பரத்திற்குப் பத்திரிகை பெற்றது இடத்திற்கான வாடகை. இன்று வேறொரு முறையும் பெருகியிருக்கிறது. ஓர் இதழின் வழியாகச் சென்று ஒருவர் பந்தய நிறுவனத்தில் கணக்குத் தொடங்கினால், அனுப்பி வைத்தவருக்குத் தரகு உண்டு. சில ஒப்பந்தங்களில் அது ஆளுக்கு இவ்வளவு என்னும் தொகை. வேறு சிலவற்றில், அவ்வாறு சென்றவர் இழக்கும் பணத்தில் ஒரு பங்கு.

இதன் பொருளைச் சிந்தியுங்கள். 'இந்தக் குதிரையை நம்புங்கள்' என்று அறிவுரை எழுதுகிறவர், வாசகர் தோற்றால் இலாபமடைகிறார்!

பிரிட்டனில் 2017 செப்டம்பரில் விளம்பரத் தர ஆணையத்தின் முன் ஒரு வழக்கு வந்தது. அது குதிரையைப் பற்றியதன்று, இணையச் சூதாட்டத்தைப் பற்றியது. ஆயினும் தந்திரம் ஒன்றே. கடனில் மூழ்கிய ஒருவர், நோயுற்ற மனைவி, சூதாட்டத்தில் கிடைத்த பணத்தால் தீர்ந்த துயரம் என்று ஒரு கதை, செய்தியைப் போன்றே எழுதப்பட்டிருந்தது. லாட்ப்ரோக்ஸ், ஸ்கை பெட் உள்ளிட்ட நான்கு நிறுவனங்கள் 'தரகர்கள் செய்தது, எங்களுக்குத் தெரியாது' என்றன. பொறுப்பு உங்களுடையதே என்று ஆணையம் தீர்ப்பளித்தது. ஸ்கை பெட் தன் தரகுத் திட்டத்தையே அம்மாதம் மூடிவிட்டது.

நம் நாட்டிலும் இது நுழைந்தது. பந்தய நிறுவனங்கள் செய்தித் தளம் என்னும் போர்வையில் தம்மை விளம்பரப்படுத்துவதை எச்சரித்து, 2022 அக்டோபரில் ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் ஊடகங்களுக்கு அறிவுரை அனுப்பியது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரங்களையும் தடுக்க 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது.

நனைந்த தானியம்

மாணவர் சென்றபின் நெடுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஸஹீஹ் முஸ்லிமில் நாம் ஓதும் நபிமொழி ஒன்று நினைவுக்கு வந்தது. கடைவீதி வழியே சென்ற நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டதாக வியாபாரி கூறினார். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், வஞ்சிப்பவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள்.

அந்த வியாபாரி பொய்யாக ஒரு சொல்லும் சொன்னதாக அதில் இல்லை. மேலிருந்த தானியம் உண்மையிலேயே காய்ந்ததுதான். வஞ்சகம் சொல்லில் இல்லை. அடுக்கி வைத்த முறையில் இருந்தது. விளம்பரத்தைக் கட்டுரையாக உடுத்தி அனுப்புவதும் இதுவே. எடை உண்மை, தரை உண்மை, ஜாக்கியின் பெயர் உண்மை. யார் பணம் கொடுத்து எழுதச் செய்தார் என்பது மட்டும் அடியில் ஈரமாகக் கிடக்கிறது.

தானியமாயின் ஈரத்தை மேலே வைத்தால் வியாபாரம் சீராகிவிடும். சூதுக்கு அதுவும் போதாது. சரக்கே ஹராமாயிருக்க, மேலே 'விளம்பரம்' என்று எழுதினாலும் அது ஹலாலாகிவிடாது.

நம் வீட்டுப் பக்கம்

'நாம் ரேஸ் புத்தகம் வாங்குவதில்லையே' என்று நிம்மதி கொள்ள வேண்டாம். 'ஹலால் முதலீடு' என்னும் பெயரில் பணம் திரட்டிய பெங்களூரின் ஐ.எம்.ஏ. நிறுவனம் 2019இல் சரிந்தபோது, பல்லாயிரம் முஸ்லிம் குடும்பங்களின் சேமிப்பு அதில் சிக்கியது. ஹராமைக் கண்டால் நம்மவர் விலகி நடப்பர். மார்க்கத்தின் சொல்லைப் போர்த்தி வரும்போதோ கதவைத் திறந்து வைத்துக்கொள்கிறோம்.

ஆகவே, உம்ரா பயணம், மருந்து, வீட்டுமனை, சேமிப்பு என எதைப் பற்றிய கட்டுரையாயினும் படிக்கும்போது இவற்றைக் கேளுங்கள்: இதை எழுதச் சொன்னவர் யார்? நான் நம்பினால் யாருக்கு வருவாய்? குறை என்று ஒன்றேனும் இதில் சொல்லப்பட்டிருக்கிறதா? இந்த இதழின் பக்கங்களையும் அவ்வாறே சோதியுங்கள். எங்கள் கட்டுரைக்குள் கையை நுழைத்துப் பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

அந்தத் தாளை மாணவர் என்னிடமே விட்டுச் சென்றார். இப்போது மதரஸாவின் மூத்த வகுப்பில் அதை விரித்து வைத்து, அவர் என்னிடம் கேட்ட கேள்வியையே கேட்கிறேன். பக்கத்தின் அடிக்கு விரல் போவதற்குச் சற்று நேரமாகிறது. ஒருமுறை கண்டுகொண்ட பிள்ளை, அடுத்த தாளில் அடியிலிருந்தே படிக்கத் தொடங்குகிறான்.

சத்தியத்தை அசத்தியத்தோடு கலப்பவர்களின் தீங்கிலிருந்தும், நாமே அவ்வாறு கலப்பதிலிருந்தும் வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக! ஆமீன்.