பேக்கப் ஓடினால் ‘நெட்’ படுக்கிறதா? நிறுத்தாதீங்க, கடிவாளம் போடுங்க!

“அண்ணே, நெட் போச்சு. அந்த பேக்கப்பை முதல்ல நிறுத்துங்க!” வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்குப் பழகிப்போன குரல் இது. வடபழஞ்சி, இலந்தைகுளம் ஐடி பூங்காக்களின் ஊழியராக இருந்தாலும், திருமங்கலத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்பவராக இருந்தாலும் கதை ஒன்றுதான். பேக்கப் நிற்கும், நெட் திரும்ப வரும். ஆனால் நிறுத்திய பேக்கப்பை மறுபடி ஓடவிட யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஹார்ட் டிஸ்க் போகும் அன்றைக்குத்தான் அது தெரியும்.

2017 மே மாதம் ‘வான்னாக்ரை’ வைரஸ் உலகம் முழுக்க கம்ப்யூட்டர்களைப் பூட்டியபோது, தனியாக பேக்கப் வைத்திருந்தவர்களால் மிரட்டல் பணம் கொடுக்காமல் ஃபைல்களை மீட்க முடிந்தது. ஆக, பேக்கப்பை நிறுத்துவது தீர்வே இல்லை. வேகத்துக்கு எல்லை வைப்பதுதான் தீர்வு.

அப்லோடுக்கும் டவுன்லோடுக்கும் என்ன சம்பந்தம்?

பேக்கப் மேலே அனுப்பும் வேலை; வீடியோ பார்ப்பது கீழே இறக்கும் வேலை. பிறகு ஏன் ஒன்று மற்றொன்றை மறிக்கிறது? கீழே வரும் ஒவ்வொரு தரவுக்கும் ‘கிடைத்தது’ என்று ஒரு சிறு பதில் மேலே போக வேண்டும். அப்லோடு வழியை பேக்கப் முழுசாக அடைத்துக்கொண்டால், அந்தப் பதில்கள் ரௌட்டரில் வரிசையில் நிற்கும். சித்திரைத் திருவிழா அன்று மாசி வீதியில் ஆம்புலன்ஸ் நிற்பது மாதிரிதான். வீடியோ கால் திக்கித் திணறுவது இதனால்தான்.

எங்கே சறுக்குகிறது?

கட்டளை வரியில் இயங்கும் ஆர்குளோன், ஆர்சிங்க் இரண்டிலும் ‘பிடபிள்யூலிமிட்’ என்ற ஆப்ஷன் இருக்கிறது. ரெஸ்டிக்கில் ‘லிமிட் அப்லோடு’. மூன்றுமே இலவசம். பிரச்சினை அளவில்தான் வருகிறது.

நெட் கம்பெனிகள் வேகத்தை மெகாபிட்டில் சொல்கின்றன. இந்தக் கருவிகள் பைட்டில் கணக்கு வைக்கின்றன. 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட். ஆர்குளோனில் வெறும் 10 என்று போட்டால் விநாடிக்கு 10 கிலோபைட் என்றுதான் எடுத்துக்கொள்ளும். 1 ஜிபி போக 29 மணி நேரம் ஆகும்! பக்கத்தில் ‘எம்’ எழுத்தைச் சேர்த்தால் 10 மெகாபைட், அதாவது சுமார் 84 மெகாபிட். 40 மெகாபிட் இணைப்பில் அது எல்லையே இல்லை. ரெஸ்டிக்கிலும் எண் கிலோபைட் கணக்குதான். அங்கே 1024 என்றால் 1 மெகாபைட்.

கணக்கு எளிது. ஸ்பீட் டெஸ்ட்டில் வரும் அப்லோடு எண்ணை 8-ஆல் வகுத்து, அதில் ஒரு பங்கை மட்டும் பேக்கப்புக்குக் கொடுத்தால் போதும்.

பகலில் நடை, இரவில் ஓட்டம்

ஆர்குளோனில் கால அட்டவணையே கொடுக்கலாம். காலை 6 மணி முதல் 1 மெகாபைட், இரவு 11 மணிக்குக் கட்டுப்பாடு இல்லை என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். 40 மெகாபிட் அப்லோடு இருந்தால், இரவு 7 மணி நேரத்தில் அதிகபட்சம் 126 ஜிபி, பகல் 17 மணி நேரத்தில் 64 ஜிபி என ஒரு நாளைக்குச் சுமார் 190 ஜிபி ஏறும். ஒரு கல்யாணத்துக்கு 200 ஜிபி எடுப்பவருக்கும் ஏறக்குறைய ஒரு நாளில் வேலை முடிந்துவிடும். வீட்டில் யாருக்கும் தொந்தரவு இல்லை.

ஒரு எச்சரிக்கை: கருவி பார்ப்பது கம்ப்யூட்டரின் கடிகாரத்தை. டாக்கர் கன்டெய்னர்களில் வழக்கமாக உலகப் பொது நேரம்தான் இருக்கும். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். அதைக் கவனிக்காவிட்டால், இரவு 11 மணிக்குத் தொடங்க வேண்டிய முழுவேகம் அதிகாலை 4.30-க்குத் தொடங்கி, காலை 11.30 வரை, அதாவது மீட்டிங் நேரத்தில், ஓடிக்கொண்டிருக்கும்.

யார் பொறுப்பு?

வீட்டு இணைப்பில் அலுவலக பேக்கப்பை ஓட்டச் சொல்லும் நிறுவனங்கள், எல்லையை ஊழியர் தலையில் கட்டுவது சரியல்ல. அந்த இணைப்பில்தான் பிள்ளைகள் படிப்பும் நடக்கிறது. லேப்டாப்பைக் கையில் கொடுக்கும்போதே இந்த செட்டிங்கைப் போட்டுக் கொடுப்பது நிர்வாகத்தின் கடமை. நெட் கம்பெனிகளும் விளம்பரத்தில் அப்லோடு வேகத்தை டவுன்லோடுக்குப் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போட வேண்டும்.

எல்லையைப் பயந்து பயந்து குறைத்து வைப்பதும் ஆபத்துதான். தினமும் சேரும் ஃபைல்கள் ஏறும் அளவைத் தாண்டினால் பேக்கப் என்றைக்கும் முடியாது. மாதம் ஒருமுறை ஒரு ஃபைலைத் திரும்ப இறக்கி, திறக்கிறதா என்று பார்த்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம்.